பால்வாடி டீச்சர் பதில்கள்: மஞ்சள் கோடும் மாட்டுக்குப் போன சத்துமாவும்

"அங்கன்வாடி பற்றிக் கேளுங்கள்" என்று போன மாதம் ஒரு சின்னக் கட்டம் போட்டார்கள். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. ஆசிரியர் ஒரு மஞ்சள் பை நிறையக் கொடுத்தனுப்பினார். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: நான் டாக்டர் இல்லை. 1985-இல் மதுரைப் பக்கம் ஒரு கிராமத்தில் ஊட்டச்சத்துப் பணியாளராகச் சேர்ந்தேன். அப்புறம் அங்கன்வாடி டீச்சர், கடைசிச் சில வருடங்கள் மேற்பார்வையாளர். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் எனக்குப் பெயர் 'பால்வாடி டீச்சர்'தான். மருந்துச் சீட்டு கேட்டு எழுதியவர்கள் மன்னிக்கவும், அது என் வேலை இல்லை. தராசையும் சோற்றுத் தட்டையும் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள்.

என் மகளுக்கு இரண்டரை வயது. எடை 9 கிலோ 600 கிராம். ஐந்து மாதத்துக்கு முன் 9 கிலோ 500. அங்கன்வாடி டீச்சர் 'உங்க பொண்ணு மஞ்சள்ல இருக்கா' என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அவமானமாகப் போய்விட்டது. எங்கள் வீட்டில் எல்லோருமே ஒல்லிதான். அவள் நன்றாக ஓடியாடி விளையாடுகிறாள். காலையில் டீயில் ரஸ்க் தொட்டுச் சாப்பிடுவாள், மதியம் மையத்தில் சாப்பாடு, ராத்திரி எங்களோடு. இதில் என்ன குறை?
— ஓர் அம்மா, மேலூர்

எல்லோர் முன்னாலும் சொன்னது தப்பு. நானும் செய்த தப்புதான் அது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம் என்று நினைக்கிறேன். எடை போடும் நாளில் வரிசையில் நின்ற ஒரு பெண்ணைப் பார்த்து, "பிள்ளைக்குச் சோறு போடுறியா, இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. தராசில் தொங்கிக்கொண்டிருந்த பிள்ளையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போனவள், மூன்று மாதம் மையத்துப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அப்புறம் நானே வீடு தேடிப் போனேன். விடிவதற்கு முன்னால் நாற்று நடப் போய்விடுவாளாம். பகலெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது கண் தெரியாத பாட்டி. கிண்ணத்தில் போட்டது பிள்ளை வாய்க்குப் போகிறதா, கோழி வாய்க்குப் போகிறதா என்று அந்தப் பாட்டிக்கு எப்படித் தெரியும்? அன்றிலிருந்து எடையைச் சத்தமாகச் சொல்வதை விட்டேன். அட்டையில் குறித்து அம்மா கையில் கொடுத்துவிட்டு, வரிசை கலைந்த பிறகு கூப்பிட்டுப் பேசுவேன்.

சரி, உங்கள் மகள் கணக்குக்கு வருவோம். இரண்டரை வயதுப் பெண் குழந்தைக்கு வளர்ச்சி அட்டையின் நடுக்கோடு 12.7 கிலோவில் இருக்கும். 10 கிலோவுக்குக் கீழே இறங்கினால் வயதுக்கேற்ற எடை இல்லை என்று அர்த்தம்; அட்டையில் அந்த இடம் மஞ்சள். ஆக, 9.6 மஞ்சள்தான், டீச்சர் சொன்ன விவரம் சரி. ஆனால் எனக்கு அந்த 9.6-ஐ விட, நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிற 9.5தான் உறுத்துகிறது. ஐந்து மாதத்தில் நூறே நூறு கிராம். இந்த வயதில் ஒரு குழந்தை வருடத்துக்குச் சுமார் இரண்டு கிலோ ஏறும். அப்படியானால் ஐந்து மாதத்துக்கு முக்கால் கிலோவாவது ஏறியிருக்க வேண்டும்.

ஒல்லிக் குழந்தை ஒன்று அட்டையில் கீழே இருந்தாலும், மாதா மாதம் புள்ளி மேலே ஏறிக்கொண்டே போனால் நான் அவ்வளவாகப் பதற மாட்டேன். புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டால் அது படுத்துக்கிடக்கிறதே, அதுதான் வயிற்றைக் கலக்கும். நான் வேலை பழகியதே இந்தப் பாடத்தில்தான். 1980-இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்று ஒன்று தொடங்கினார்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை எல்லாக் குழந்தைகளையும் மாதா மாதம் நிறுக்க வேண்டும். ரொம்ப நலிந்த குழந்தைக்கு உடனே சத்துணவு லட்டு. மற்றவர்களில், எடை ஏறாமல் நிற்கிற குழந்தைக்கு மட்டும் 90 நாள் லட்டு. தேறியதும் நிறுத்திவிடுவோம். இதனால் தெருவில் எத்தனை சண்டை! "அவ பிள்ளை கொழுகொழுன்னு இருக்கு, அதுக்கு லட்டு, என் பிள்ளை குச்சி மாதிரி இருக்கு, அதுக்கு இல்லையா?" என்று கேட்பார்கள். கொழுகொழு பிள்ளை இரண்டு மாதமாக ஏறவில்லை, குச்சிப் பிள்ளை ஏறிக்கொண்டிருக்கிறது என்று அட்டையை விரித்துக் காட்ட வேண்டியிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்கள்கூட நாலைந்து மாதத்தில் அந்தக் கோட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

'வீட்டில் எல்லோரும் ஒல்லி' என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிக் கடிதங்களில் அது இருக்கிறது. இந்த அட்டை ஏதோ வெள்ளைக்காரக் குழந்தைகளை வைத்துப் போட்டது என்று நினைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் இதை வெளியிட்டபோது ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து போட்டது: பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா, அப்புறம் நம் இந்தியா. இந்தியாவில் தெற்கு டெல்லிக் குழந்தைகள். தாய்ப்பாலும் நல்ல கவனிப்பும் கிடைத்தால் ஐந்து வயது வரை எல்லா நாட்டுக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்கிறார்கள் என்பதுதான் அதில் தெரிந்தது. அப்பா ஒல்லி, அத்தை ஒல்லி என்பதெல்லாம் ஐந்து மாதத்தில் நூறு கிராமுக்குச் சமாதானம் ஆகாது.

உங்கள் கடிதத்திலேயே காரணம் பாதி இருக்கிறது. மையத்தில் கொடுப்பது துணை உணவு. அதன் கணக்கு நாளைக்குச் சுமார் 500 கலோரி. உங்கள் மகளுக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் ஆயிரம் கலோரி. மீதிப் பாதி வீட்டில்தான் கிடைக்க வேண்டும். டீயும் ரஸ்க்கும் வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். டீ இன்னொரு கெடுதலும் செய்கிறது, சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. அதை நிறுத்துங்கள். காலையில் இட்லியோ தோசையோ அவளுக்கென்று தனித் தட்டில் வையுங்கள், மேலே ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் அல்லது நெய். ராத்திரி 'எங்களோடு' என்று எழுதியிருக்கிறீர்களே, அது எத்தனை மணி? ஒன்பதரைக்கு அப்பா வந்த பிறகு என்றால், குழந்தை பாதித் தூக்கத்தில் இரண்டு வாய் வாங்கியிருக்கும். ஏழு மணிக்கே ஊட்டிவிடுங்கள். சின்ன வயிறு, ஒரே தடவையில் கொள்ளாது; மூன்று வேளைக்கு நடுவில் இரண்டு தடவை வேர்க்கடலை உருண்டையைப் பொடித்தோ, வாழைப்பழமோ, சத்துமாவோ கொடுக்கலாம்.

டீச்சரிடம் போய்க் கையின் சுற்றளவையும் உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். மேல்கையில் சுற்றும் நாடா 12.5 செ.மீ.க்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும், 11.5-க்குக் கீழே போனால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம். நாடா பச்சையில், அதாவது 12.5-க்கு மேல், இருந்தாலும், ஐந்து மாதம் எடை நின்றுபோன குழந்தையை டாக்டர் ஒரு தடவை பார்ப்பது நல்லது. உள்ளே ஏதாவது தொற்று இருந்தாலும் எடை இப்படித்தான் நிற்கும். இந்த வாரமே போங்கள்.

அங்கன்வாடியில் கொடுக்கிற சத்துமாவு நன்றாக இல்லை. பிள்ளை தொடுவதில்லை. உண்மையைச் சொன்னால் மாட்டுக்குத்தான் போகிறது. தப்பா?
— வாசகி, ஒட்டன்சத்திரம்

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. உங்கள் மாடு நல்ல திடகாத்திரமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

தப்பு என்று திட்ட மாட்டேன். வீடு வீடாகப் போனபோது நானே பார்த்திருக்கிறேன்: ஒரு வீட்டில் கழுநீர்ப் பானையில், இன்னொரு வீட்டில் வீட்டுக்காரருக்கு அடையாக. அந்த அடையை எனக்கும் ஒன்று கொடுத்தார்கள், வெங்காயம் போட்டு நன்றாகவே இருந்தது. ஆனால் அந்தப் பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று யாராவது உங்களிடம் உட்கார்ந்து சொன்னார்களா? கோதுமை, மக்காச்சோளம், முளைகட்டிய கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம், அதோடு வைட்டமின், தாதுச் சத்துகள். இதில் எனக்குப் பிடித்தது அந்த முளைகட்டிய கேழ்வரகு.

ஏன் என்றால், குழந்தைக் கஞ்சியில் ஒரு பழைய சிக்கல் உண்டு. கெட்டியாகக் காய்ச்சினால் தொண்டையில் இறங்காது. தண்ணீராகக் காய்ச்சினால் ஒரு டம்ளர் குடித்தும் சத்து இருக்காது, வயிறு மட்டும் நிறைந்துவிடும். தானியம் முளைவிடும்போது உள்ளே ஒரு நொதி உண்டாகிறது. அது மாவை உடைத்து இளக்கிவிடும். அதனால் அதே அளவு தண்ணீருக்குக் கூடுதல் மாவு போட்டாலும் கஞ்சி பசை மாதிரி இறுகாது. நம் பாட்டிமார் கேழ்வரகை முளைகட்டித் துணியில் தொங்கவிட்டது இதற்குத்தான். அவர்கள் நொதி என்று சொல்லவில்லை, 'வயித்துக்கு இதமா இருக்கும்' என்றார்கள்.

பிள்ளை தொடாததற்குக் காரணம் பெரும்பாலும் செய்முறை. கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும், உள்ளே பச்சை மாவு வாசனை. பச்சைத் தண்ணீரில் கரைத்து, அப்புறம் அடுப்பில் வைத்துச் சின்னத் தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். இறக்குமுன் ஒரு சிட்டிகை ஏலக்காய். வெல்லம் அதிலேயே இருக்கிறது, சர்க்கரை போடாதீர்கள். கஞ்சி பிடிக்காத பிள்ளைக்குப் புட்டு மாதிரி அவித்துத் தேங்காய்ப்பூ போடுங்கள், அல்லது நெய் விட்டு உருண்டை பிடியுங்கள். என் மையத்து ஆயாம்மா வாழைப்பழத்தைப் பிசைந்து மாவோடு சேர்த்துப் பணியாரக் கல்லில் ஊற்றுவார். அந்த நாளில் வருகைப் பதிவேடு நிறைந்துவிடும்.

பாக்கெட்டை உடைத்ததும் ஈரமில்லாத டப்பாவில் கொட்டி மூடுங்கள். தேதியைப் பாருங்கள். பூச்சி வைத்திருந்தாலோ கசந்தாலோ பேசாமல் மாட்டுக்குப் போடாமல், டீச்சரிடம் திருப்பிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். காட்டினால்தான் மேலே எழுதுவார்கள்.

ரேஷன் அரிசியிலும் அங்கன்வாடி அரிசியிலும் பிளாஸ்டிக் அரிசி கலக்கிறார்களாமே? களையும்போது சில அரிசி மிதக்கிறது. நான் பொறுக்கி எறிந்துவிடுகிறேன்.
— ஒரு பாட்டி, அருப்புக்கோட்டை

அம்மா, நீங்கள் பொறுக்கி எறிவதுதான் அதில் இருக்கிற சத்து. அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசியை மாவாக்கி, இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 மூன்றையும் கலந்து, மறுபடி அரிசி வடிவத்தில் இயந்திரத்தில் பிழிந்து எடுக்கிறார்கள். நாம் சேவை பிழிகிறோமே, அது மாதிரி. நூறு பங்கு சாதாரண அரிசிக்கு ஒரு பங்கு இதைக் கலப்பார்கள். வயலில் விளைந்த அரிசி போல் இறுக்கமாக இல்லாததால் மிதக்கும், நிறமும் கொஞ்சம் மாறித் தெரியும். பிளாஸ்டிக் என்றால் வேகாது. இதில் நாலு அரிசி மணியைத் தனியாகத் தண்ணீரில் ஊறப்போட்டு நசுக்கிப் பாருங்கள், மாவாகிவிடும்.

ஏழு தண்ணீர் விட்டுக் களைகிற பழக்கத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது தலசீமியா போன்ற ரத்த நோய் இருந்தால், இரும்பு சேர்த்த அரிசியைப் பற்றி அவர்களுடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மையத்தில் கொடுத்த அவித்த முட்டையில் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சையாக வளையம். கெட்டுப்போன முட்டையா?
— ஒரு அப்பா, பரமக்குடி

இல்லை தம்பி. ஆயாம்மா அடுப்பில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருப்பார். ரொம்ப நேரம் வெந்தால் வெள்ளைக்கருவில் இருக்கிற கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் சேர்ந்து அப்படிப் பச்சை கட்டும். சாப்பிடலாம். கெட்ட முட்டையை உடைத்த நிமிஷமே மூக்கு சொல்லிவிடும். வாரத்தில் மூன்று நாள்தான் முட்டை, அதை வளையத்தைப் பார்த்து விட்டுவிடாதீர்கள்.

செவிலியர் ஒரு இரும்புச்சத்து சிரப் கொடுத்தார். வாரம் இரண்டு தடவை ஒரு மில்லி. கொடுத்த மறுநாள் பிள்ளைக்கு மலம் கறுப்பாகப் போகிறது. மாமியார் பாட்டிலை மேலே தூக்கி வைத்துவிட்டார்.
— புது அம்மா, உசிலம்பட்டி

மேலே வைத்தது நல்லது, கொடுக்காமல் இருப்பதுதான் கெட்டது. உடம்பு எடுத்துக்கொண்டது போக மீதி இரும்பு கறுப்பாக வெளியே வரும், பயப்பட ஒன்றுமில்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை இந்த அளவுதான், ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இரும்பு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இந்த வயதுக் குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது மையத்தில் பாயில் உட்கார்ந்திருக்கிற பத்துப் பேரில் ஆறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் தெரியாது, சோர்ந்து போய்ச் சுவரில் சாய்ந்திருக்கும். நாம் 'சமத்துப் பிள்ளை' என்போம்.

சாப்பிட்ட பிறகு கொடுங்கள். காய்ச்சல் இருக்கிற நாளில் வேண்டாம். இனிப்பாக இருக்கிறதே என்று குழந்தையே எடுத்துக் குடித்துவிட்டால் ஆபத்து, அதனால் பாட்டில் மாமியார் வைத்த இடத்திலேயே இருக்கட்டும்.

நான் அங்கன்வாடிப் பணியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. எடை போடக் கூப்பிட்டால் 'கண்ணு பட்டுடும்' என்று சில அம்மாக்கள் வர மறுக்கிறார்கள். வருகிற குழந்தைகளுக்கும் ஒரு மாதம் ஏறுகிறது, ஒரு மாதம் இறங்குகிறது. செல்போன் செயலியில் ஏற்றுவதற்குள் பொழுது போய்விடுகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?
— ஒரு டீச்சர், சிவகங்கை மாவட்டம்

மகளே, உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எட்டு மாதத்தில் இப்படிக் கேட்கத் தோன்றியதே பெரிய விஷயம். நான் எட்டு வருடம் ஆன பிறகுதான் கேட்டேன்.

ஒரு மழைக்காலத்தில் என் மையத்துக் குழந்தைகள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் தேறிவிட்டார்கள். இருபத்திரண்டு பேரும் ஏறுமுகம். பெருமையாகப் பதிவேட்டை நீட்டினேன். வந்த மேற்பார்வையாளர் அம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, "ஊரே ஒரே மாசத்துல தேறிடுச்சா?" என்று கேட்டுவிட்டு, உத்திரத்தில் தொங்கிய தராசின் பக்கம் போனார். வெறும் துணி ஊஞ்சல்தான் தொங்குகிறது, முள் முந்நூறு கிராமில் நிற்கிறது. பழைய துணி நைந்துவிட்டதென்று தடித்த துணியில் புது ஊஞ்சல் தைத்துப் போட்டிருந்தேன், முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்ப மறந்துவிட்டேன். அந்த இருபத்திரண்டில் ஒரு குழந்தை உண்மையில் இருநூறு கிராம் இறங்கியிருந்தது. என் பதிவேட்டில் அது நூறு கிராம் ஏறியதாக இருந்தது. அடுத்த மாதம்தான் தெரிந்தது. இன்றைக்கும் அந்தக் குழந்தையின் அம்மாவை வழியில் பார்த்தால் எனக்கு அந்த முள்தான் ஞாபகம் வரும்.

உனக்கு எலக்ட்ரானிக் தராசு கொடுத்திருப்பார்கள். ஆனாலும் எடை நாளன்று காலையில் சமையலறையிலிருந்து பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை எடுத்து அதில் வைத்துப் பார். ஒரு கிலோவுக்கு ஒட்டிக் காட்டுகிறதா? சமதரையில் வை, பாய் மேல் வைக்காதே. அப்புறம், ஒரு மாதம் ஏறி ஒரு மாதம் இறங்குகிறது என்றாயே, ஒரு மாதம் சட்டையோடு, அடுத்த மாதம் சட்டையில்லாமல் நிறுத்திருப்பாய். வெள்ளிக் கொலுசு, இடுப்புக் கொடி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வது கஷ்டம்தான். கழற்றாவிட்டால் ஒவ்வொரு மாதமும் அவற்றோடேயே நிறு. ஒரு மாதம் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், இன்னொரு மாதம் பின்னால் என்று மாற்றாதே. உயரத்துக்கு, இரண்டு வயதுக்குக் கீழே என்றால் படுக்க வைத்து அளக்க வேண்டும், மேலே என்றால் நிற்க வைத்து. ஒரே குழந்தையைப் படுக்க வைத்தால் நிற்பதைவிட முக்கால் சென்டிமீட்டர் போல் கூடுதலாகக் காட்டும். இரண்டையும் கலந்தால் கணக்கு குளறும்.

கண் படுவதற்கு எனக்கு ஒரு வழி கிடைத்தது. அம்மாக்களோடு வாதாடிப் பார்த்தேன், நடக்கவில்லை. ஒரு மை டப்பாவை வாங்கித் தராசுக்குப் பக்கத்தில் வைத்தேன். நிறுத்து இறக்கியதும் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்து அம்மா கையில் கொடுப்பேன். எடையை வாய்விட்டுச் சொல்வதில்லை. இரண்டு மாதத்தில் மறுத்தவர்களே வந்தார்கள், ஒரு பாட்டி மட்டும் 'டீச்சர், இந்த மை சரியில்லை, நான் வீட்டிலே காய்ச்சித் தர்றேன்' என்று கொண்டுவந்து கொடுத்தார். மேலிடத்தில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

செயலி எனக்குத் தெரியாது. எங்களுக்குக் கட்டுக் கட்டாகப் பதிவேடு இருந்தது, உங்களுக்குச் செல்போன். இரண்டும் பொழுதைத் தின்னும். எடை போடும்போது ஒரு நோட்டில் எழுதிக்கொள், குழந்தைகள் தூங்கும் நேரத்தில் ஏற்று. தராசு முன்னால் நிற்கும்போது கண் குழந்தை மேல் இருக்கட்டும். காலில் வீக்கம் இருக்கிறதா, முடி செம்பட்டையாகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். இரண்டு பாதத்திலும் விரலால் அழுத்திக் குழி விழுந்தால், எடை எவ்வளவு இருந்தாலும் அந்தக் குழந்தையை டாக்டரிடம் அனுப்பு. நீர் கோத்த எடை நம்மை ஏமாற்றும்.

குடற்புழு மாத்திரை கொடுத்த அன்றைக்கு என் பையனுக்கு வாந்தி. இனிமேல் கொடுக்கலாமா?
— வாசகி, தேனி

கொடுக்கலாம். வயிற்றில் புழு அதிகம் இருந்தால் அன்றைக்குக் குமட்டல், வயிற்றுவலி வரும், அநேகமாக அன்றே சரியாகிவிடும். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை அது. ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குப் பாதி, அதற்கு மேல் முழுசு. பொடித்துக் கொடுங்கள் அல்லது நன்றாக மெல்லச் சொல்லுங்கள். சின்னக் குழந்தை வாயில் முழு மாத்திரையைப் போட்டு மூக்கைப் பிடித்து விழுங்க வைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், புரையேறிவிடும். காய்ச்சலோ வேறு நோவோ இருந்தால் அன்றைக்கு விட்டுவிட்டு, செவிலியரிடம் சொல்லி விடுபட்டவர்களுக்குக் கொடுக்கும் நாளில் வாங்கிக்கொள்ளலாம்.

எங்கள் காலத்தில் எம்.ஜி.ஆர். சத்துணவு. இப்போது பேரனை இரண்டரை வயதிலேயே தனியார் பள்ளியில் போட்டுவிட்டார்கள். 'பால்வாடிக்கு யார் போவா' என்கிறாள் மருமகள். நான் சொன்னால் எடுபடவில்லை. நீங்கள் சொல்லுங்களேன்.
— ஒரு தாத்தா, திருப்பத்தூர்

ஐயா, உங்கள் வீட்டுப் பஞ்சாயத்துக்குள் நான் வரவில்லை. எங்கே படிக்க வைப்பது என்பது பெற்றவர்கள் விருப்பம்.

ஆனால் மருமகளுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம். 1982 ஜூலை 1-இல் தொடங்கிய சத்துணவை நினைத்துக்கொண்டு எல்லோரும் பால்வாடி என்றால் சோறு என்றே நினைக்கிறார்கள். அதற்கு முன்னாலேயே, 1975 அக்டோபர் 2-இல், நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது எழுதிவைத்த சேவைகள் ஆறு. சோறு அதில் ஒன்று. தடுப்பூசி, உடல் பரிசோதனை, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, தாய்மாருக்கு ஊட்டச்சத்துக் கல்வி, முன்பருவக் கல்வி எல்லாம் மீதி. பேரன் எந்தப் பள்ளிக்குப் போனாலும் எடை போடவும், ஒன்பது மாதம் முதல் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் வைட்டமின் ஏ திரவத்துக்கும் உங்கள் தெரு மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம், யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். நீங்களே கைபிடித்து அழைத்துப் போங்கள். அந்தத் தனியார் பள்ளியில் ஒரு தராசு இருக்கிறதா என்று மட்டும் மருமகளை விசாரிக்கச் சொல்லுங்கள். நான் போய்ப் பார்த்த மூன்று பள்ளிகளில் சறுக்குமரம் இருந்தது, தராசு இல்லை.

என் மகனுக்கு மூன்று வயது. இரண்டு மூன்று வார்த்தைதான் பேசுகிறான். வேனில் மையத்துக்கு வந்த டாக்டர் குழு பார்த்துவிட்டு மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தது. 'அவன் அப்பாவும் நாலு வயசுலதான் பேசினான், அலையாதே' என்கிறார்கள் வீட்டில். சீட்டு இரண்டு மாதமாக அலமாரியில் இருக்கிறது.
— ஓர் அம்மா, திருமங்கலம் பக்கம்

அலமாரியைத் திறந்து எடுங்கள். அந்தக் குழு வருடத்துக்கு இரண்டு தடவை அங்கன்வாடிக்கு வருவது இதற்காகத்தான்: பிறவிக் குறை, சத்துக்குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம், இந்த நான்கையும் சீக்கிரமே கண்டுபிடிக்க. மூன்று வயதில் இரண்டு மூன்று வார்த்தை என்பது காத்திருந்து பார்க்கிற விஷயம் இல்லை. அவன் அப்பா தாமதமாகப் பேசியிருக்கலாம். அந்தக் காலத்தில் அவர் காதை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். முதலில் காதைத்தான் பார்ப்பார்கள். கதவைச் சாத்துகிற சத்தத்துக்குத் திரும்புகிறான், அதனால் காது நன்றாகக் கேட்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். கதவுச் சத்தம் கேட்கிற குழந்தைக்கு 'ச', 'த' போன்ற மெல்லிய சத்தம் கேட்காமல் இருக்கலாம். அடிக்கடி சளி பிடித்துக் காதில் நீர் கட்டுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், மருத்துவம் பார்த்த பிறகு கடகடவென்று பேசினார்கள். எல்லாம் அப்படி எளிதாக முடியும் என்று சொல்லவில்லை. பேச்சுப் பயிற்சி வேண்டியிருந்தால் அதைத் தொடங்க மூன்று வயது நல்ல வயது.

சீட்டில் தேதி பழசாகிவிட்டது என்று தயங்க வேண்டாம். டீச்சரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ சொன்னால் எந்த நாளில் போவது என்று கேட்டுச் சொல்வார்கள். போகும்போது தாய்-சேய் நல அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், பிறந்தபோது என்ன எடை, மஞ்சள் காமாலை வந்ததா, இன்குபேட்டரில் வைத்தார்களா என்று கேட்பார்கள். அவன் சொல்கிற இரண்டு மூன்று வார்த்தையையும், எதைப் பார்த்து எப்போது சொல்கிறான் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். காலையில் அவனுக்கு வயிறு நிறையச் சாப்பாடு கொடுத்து, மதியத்துக்குக் கையிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வரிசை நீளம். பார்த்துவிட்டு வந்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.